பதிலுக்கு விட்ட இடம்

என் மகளுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்டாள். நேரில் நான் வாயைத் திறந்தால் அவள் நடுவில் வருவாள், உன் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார், நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். நீ இரண்டு முறை "சரிப்பா" என்றால் காதில் விழவில்லை என்று பொருள். அதனால் எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன்பே படித்துவிடு. வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நம் கேம்ப் ரோட்டிலிருந்து பிரிகிற ஒவ்வொரு தெருவிலும் இன்றைக்கு ஏதோ ஒரு வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நீ முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மே மாத வெயிலில் ஜன்னலையும் மூடியிருந்தாய். துணி அடுக்குகிறாய் என்று நினைத்து, என் கண்ணாடியை எடுக்கக் கதவருகே வந்தேன். உள்ளே நீ பேசிக்கொண்டிருந்தாய். "என் தங்கம் எழுந்தாச்சா?" என்றாய். பிறகு பேச்சில்லை. "அப்படியா! பால் குடிச்சியா?" மறுபடியும் பேச்சில்லை. "சமத்து" என்று சிரித்தாய். குழந்தையோ பின்கட்டில் உன் அம்மா குளிப்பாட்டும்போது ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. ஆளில்லாத அறையில், வராத பதிலைக் கேட்டு, அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாய். சாப்பாட்டு நேரத்தில், அப்படிப் பேசிப் பதிந்த கேசட்டுகளை என் முன்னால் வைத்து, "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டுக் காட்டுங்கப்பா, என்னை மறக்காம இருப்பா" என்றாய். பார்க்கலாம் என்றேன். வழக்கமான முரட்டுத்தனம் என்று நினைத்திருப்பாய். நான் அவற்றைப் போடமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போகவேண்டியது ஏன் என்று எனக்குத் தெரியாமலில்லை. உன் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி ஒரு நாள் காலையில் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே இருந்த அவருடைய சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திருப்பித் தரவில்லை. நர்ஸ் படித்த பெண்ணுக்கு அரபு நாட்டில் வேலை உடனே கிடைக்கிறது, படித்த ஆணுக்கு இங்கே கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை என்பதை உன் பெரிய மாமா எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

எண்பதுகளின் நடுவில் நான் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில் இருந்தேன். வேலை, ஆட்களின் வருகையைப் பதிவது. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவனுக்கு அந்த வேலை. எண்ணெய் விலை விழுந்தது. பாலைவனத்தில் போட்டுக்கொண்டிருந்த ரோடு ஒரு மணல்மேட்டுக்கு முன்னால் அப்படியே நின்றது. யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை, அதைக் கவனி. "லீவில் ஊருக்குப் போய் வாருங்கள், தந்தி கொடுத்துக் கூப்பிடுகிறோம்" என்றார்கள். கைகுலுக்கி அனுப்பினார்கள். அந்தத் தந்தி இன்றுவரை வரவில்லை. "பொருளாதாரம் படிச்சவனைப் பொருளாதாரமே அடிச்சுப்போட்டுடுச்சு" என்று உன் பெரிய மாமா கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்ல, பிரியாணித் தட்டோடு எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் அந்தச் சிரிப்பைவிட என்னை அடித்துப்போட்டது நீதான். நான் ஊருக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். வேலை விஷயமாக யாரையோ பார்க்கத் தாம்பரம் போய்விட்டு நடந்தே திரும்பினேன். வாசலுக்கு வரும்போது உள்ளே என் குரல் கேட்டது. மஸ்கட்டிலிருந்து நான் அனுப்பிய கேசட்டைப் போட்டுவிட்டு டூ-இன்-ஒன் டேப்புக்கு முன்னால் நீ மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாய். "என்னம்மா, அம்மா பேச்சைக் கேக்கிறியா?" என்றது என் குரல். "கேக்கிறேம்ப்பா. நேத்து மட்டும் கொஞ்சம் சண்டை" என்றாய் நீ. "ம், அப்படித்தான் இருக்கணும்" என்றது குரல். மஸ்கட்டில் பதியும்போது, அறைக்கு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்காக நான் பேச்சை நிறுத்தியிருந்த இடத்தில்தான் நீ பேசினாய். நீ பதில் சொல்வதற்காக நான் விட்ட இடம் என்று நீ எடுத்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. விரலை மட்டும் தூக்கி, "உஷ், கொஞ்சம் இருங்க, அப்பா பேசறாங்க" என்றாய்.

கையில் குடையோடு என் வீட்டு நிலைப்படியில் நின்று, அந்த ஆள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். அவனுக்கு வேலை இருந்தது. அவன் கோபப்படுவதில்லை. எதைக் கேட்டாலும் வாங்கி வருகிறேன் என்பான். அவனோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

அந்த வருஷம் மழை தொடங்கும்போது வேலாயுதம் வந்தான். எங்கள் கேம்ப்பில் பைப் வெல்டர். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம். அவனையும் லீவில் அனுப்பியிருந்தார்கள். தாம்பரத்தில் இறங்கியவன் ஊர் பஸ் ஏறாமல் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான்.

"என்னய்யா, ஊருக்குப் போகலையா?"

"எப்டி சார் போறது? தங்கச்சிக்கு மாப்ள பேசி வச்சிக்கீறாங்க. அண்ணங்காரன் அரபு நாட்ல கீறான்னுதான் அவங்க ஒத்துக்கினாங்க. நான் போயி பஸ்ஸ வுட்டு எறங்கினா அன்னிக்கே கல்யாணம் நின்னுபூடும்."

கல்யாணம் முடியும்வரை என்றுதான் ஆரம்பித்தது. பல்லாவரத்தில் ஒரு ஷெட்டில் தினக்கூலிக்கு வெல்டிங் வேலை, மேற்குத் தாம்பரத்தில் பத்துப் பேர் படுக்கிற ஒரு அறை. ஷெட்டில் வேலை இல்லாத நாட்களில் ஸ்டேஷன் பெஞ்ச். ஊராரைப் பொறுத்தவரை அவன் இன்னும் மஸ்கட்டில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து மனைவிக்குக் கேசட் பேசுவான். அந்தக் காலத்தில் லீவில் வருகிறவர்கள் மற்றவர்களின் கடிதங்களையும் கேசட்டுகளையும் மூட்டையாகக் கொண்டுவந்து இங்கே தபாலில் போடுவது வழக்கம். அதனால் இந்திய ஸ்டாம்பைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கேயிருந்து வருகிற யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உனக்கு அந்த ஞாயிறுகள் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். ஏ.சி. சத்தம் மாதிரி இருக்கட்டும் என்று டேபிள் ஃபேனை மைக்குக்குப் பக்கத்தில் வைப்போம். ஜன்னல்களை மூடுவோம். விமானப்படை விமானம் தலைக்கு மேல் போனால் அவனுக்குச் சந்தோஷம். "இது பரவால்ல சார், அங்கயும் ஏரோப்ளேன் போவும்." கீரைக்காரம்மாதான் தொல்லை. ஜன்னலில் தட்டி, "இன்னாம்மா, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கினு இன்னா பண்றீங்க? கீர வோணுமா வேணாமா?" என்பாள். அவளை அனுப்புவதற்காகவே உன் அம்மா ஓடிப்போய் ஒரு கட்டு வாங்குவாள். "பேஜாருபா இந்தம்மா. மஸ்கட்ல ஏது சார் அரக்கீர?" என்று தலையில் அடித்துக்கொண்டு வேலாயுதம் டேப்பைப் பின்னால் ஓட்டுவான்.

அவன் பேசுகிற முறை என்னுடையது மாதிரி இல்லை. நான் நிறுத்தியது தற்செயல். அவன் வேண்டுமென்றே இடம் விடுவான். "கன்னியம்மா, நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். ஃபேன் மட்டும் ஓடும். அவன் முகம் மாறும், புருவம் உயரும், "அப்டியா!" என்பான். கேம்ப்பில் பலரும் இப்படித்தான் பேசினார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அந்த இடங்களில் பதில் சொல்வார்களாம். கன்னியம்மாவும் பதில் கேசட்டில் அதேபோல இடம் விட்டுப் பேசி, மஸ்கட் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பச் சொல்லி நம் முகவரிக்கு அனுப்புவாள். அதைப் போட்டுவிட்டு நம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் விட்ட இடங்களில் இவன் பேசுவான். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் அப்படிக் குடும்பம் நடத்தினார்கள். "உயிரோட இருக்கிற மனுஷன் ஆவி மாதிரி பேசிட்டிருக்காரு, இது நல்லதுக்கில்ல" என்று உன் அம்மா, அவன் போனதும் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு ஜெபம் செய்வாள்.

தங்கை கல்யாணம் நடந்தது. அவன் பேசி அனுப்பிய வாழ்த்தை மைக்செட்டில் போட்டார்கள். அதை அவன் மனைவி தன் கேசட்டில் பதிந்து அனுப்பியிருந்தாள். மேளச் சத்தம், பாத்திரச் சத்தம், நடுவில் "பொண்ணோட அண்ணன் அரபு நாட்லேர்ந்து பேசறாரு, எல்லாரும் அமைதியா இருங்க" என்று ஒருவர் அறிவிக்க, வேலாயுதத்தின் குரல் வயல்வெளியில் எதிரொலித்தது. கூட்டம் கைதட்டியது. வேலாயுதம் அதைத் திரும்பவும் போடச் சொன்னான். கேட்டு முடித்து, "யாரு சார் இவன், நல்லா பேசறான்" என்றான். ஜோக் அடிக்கிறான் என்று நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அதான் கல்யாணம் முடிஞ்சாச்சே, இனிமேல் ஊருக்குப் போயேன்யா" என்றேன். "இப்பப் போனா மாப்ள வூட்ல தங்கச்சிய இன்னா கேப்பாங்க? இன்னும் கொஞ்ச நாள் சார்" என்றான். பொய் ஆரம்பித்த காரணம் போய்விட்டாலும் பொய் போவதில்லை. அது தனக்கு வேறு காரணம் தேடிக்கொள்ளும்.

பிறகு பல்லாவரத்து ஷெட்டும் மூடியது. ஒரு கான்ட்ராக்டர் ஆந்திராவில் கடலோரம் எங்கேயோ வேலை என்று ஆட்களை லாரியில் ஏற்றினான். போவதற்கு முன்னால் ஒரே மத்தியானத்தில் வரப்போகிற மாதங்களுக்கெல்லாம் சேர்த்து வேலாயுதம் கேசட் பேசினான். "ஆடிக் கேசட்ல பொங்கல் வாழ்த்து சொல்லிட்டேன் சார், அழிங்க அழிங்க" என்று அன்றைக்குச் சிரித்தோம். அவன் போனான். நான் ஒவ்வொன்றாகத் தபாலில் போட்டேன். கேசட்டுகள் தீர்ந்தன. அவனிடமிருந்து தகவல் இல்லை. விசாரிக்கப் போனால், கான்ட்ராக்டரின் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் அவளுடைய பதில்கள் வந்துகொண்டிருந்தன. யாராவது கேட்கவேண்டுமே என்று நான் கேட்டேன். ஒன்றில் இப்படிச் சொன்னாள்: "போன வாரம் ஆட்ட வித்துடச் சொன்னீங்களே, வித்துட்டேன். கெணத்த மட்டும் இப்ப தோண்ட வேணான்னு சொன்னீங்க, சரின்னுட்டேன்." வேலாயுதம் பேசிய ஒவ்வொரு சொல்லின்போதும் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஆட்டைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ அவன் பேசியதே இல்லை.

அவன் ஊருக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அந்த வீட்டை நெருங்கும்போது உள்ளே வேலாயுதம் பேசுவது கேட்டது. வந்துவிட்டான் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதி! உள்ளே அவள் மட்டும் இருந்தாள். சுவர் ஓரம் டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் கொடுத்தாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரபு நாட்டில் இல்லை, பல்லாவரத்தில் இருந்தார், இப்போது எங்கே என்று தெரியவில்லை. அவள் கவனமாகக் கேட்டாள். எழுந்து டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். அதன் பக்கம் குனிந்து, "இவுரு இன்னான்னாவோ சொல்றாரு. நெசமா?" என்று கேட்டாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. இல்லை, வந்தது. நம் வீட்டு டேபிள் ஃபேனின் சத்தம். பிறகு வேலாயுதம், "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ ஒடம்பப் பாத்துக்க" என்றான்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒண்ணுமில்லையாம் சார். நீங்க காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.

பைத்தியம் என்றார் உன் பெரிய மாமா. அவள் பைத்தியம் இல்லை. ஆட்டை நல்ல நேரத்தில்தான் விற்றிருந்தாள். வீட்டில் ஆமாம், இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவள் செய்துகொண்டாள்.

வேலாயுதம் சாகவில்லை. அடுத்த வருஷம் நம் வாசலில் வந்து நின்றான். இளைத்து, கறுத்து, வெல்டிங் புகை தின்று கரகரத்த தொண்டையோடு. "வூட்டுக்குப் போயிட்டுதான் வரேன் சார்" என்றான்.

"நல்லதாப் போச்சு. என்ன சொன்னா?"

"சோறு போட்டா. வெந்நி வச்சுக் குடுத்தா. ஒரு கொறையும் இல்ல சார். ஆனா நான் ஒண்ணு சொன்னா உள்ள போயி கேட்டுக்கினு வர்றா."

"யாரைக் கேட்டுட்டு?"

"கேசட்ட சார். கூர ஒழுவுது, மாத்தலாம்னேன். இரு, அவரக் கேட்டுக்கினு வரேன்றா."

எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "ஒரு கேசட்டு போட்டுக் குடு சார். வந்தவன நம்புன்னு அவன் வாயால சொல்லட்டும்" என்றான். அவன் என்றுதான் சொன்னான், நான் என்று சொல்லவில்லை. ஜன்னலை மூடினோம். ஃபேனைப் போட்டோம். "கன்னியம்மா, நான் வந்துட்டேன். ஒன் எதிர்ல குந்திக்கினு கீறானே, அது நான்தான்" என்று பேசிவிட்டு, பழக்கம் விடாமல் கண்ணை மூடி இடம் விட்டான். இந்த முறை அவன் முகத்தில் எந்த மாற்றமும் வரவில்லை. எந்தப் பதிலும் அவனுக்குக் கேட்கவில்லை.

சில நாட்களில் அந்தக் கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். "இது அவரு கொரல் இல்லன்னுட்டா சார்." அரபு நாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டை மறுபடியும் பார்க்கப் போவதாகச் சொன்னான். "அங்கேர்ந்து பேசினாத்தான் சார் காதுல வாங்குவா." அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

அவன் போன அன்றைக்கே, நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நான் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கேசட்டுகள் எல்லாவற்றையும் அழித்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தது. "அப்பா எங்கே?" என்று என்னிடமே கேட்டாய். உன் அம்மா அதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கோபத்தில் அழித்தேன் என்று உன் வீட்டுக்காரரிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. கோபமும் இருந்தது. ஆனால் பல மாதங்கள் கழித்து ஒரு நாள் நீ கணக்குப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாய். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் டீச்சரிடம் அடி வாங்கி வந்து என்னை நீ திட்டினாய், "உங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்று. அந்தக் கேசட்டுக்காரனை நீ ஒருநாளும் திட்டியதில்லை. அன்றைக்குத்தான் நான் மஸ்கட்டிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நீ போகிற ஆஸ்பத்திரியும் ஒரு நாள் லீவில் போய் வா என்று சொல்லலாம். கைகுலுக்கலாம். அப்படிச் சொன்ன அன்றைக்கே நேராக இங்கே வா. வெட்கப்பட்டுக்கொண்டு பம்பாயில் சிநேகிதி யார் வீட்டிலும் தங்காதே. பெரிய மாமா சிரிப்பார், சிரிக்கட்டும், அவர் சிரிப்பைத் தாங்க இந்த வீட்டில் நான் ஒருவன் பழகியிருக்கிறேன். முடிந்தபோது போன் பண்ணு. குழந்தை பேசாமல் அழலாம், லைன் அறுந்துபோகலாம், நீ எதிர்பார்க்காததை அவள் சொல்லலாம். அது போதும்.

கேசட்டுகளை உன் பெட்டியில் யூனிஃபார்ம்களுக்குக் கீழே வைத்துவிட்டேன். எடுத்து மறுபடியும் மேஜைமேல் வைத்துச் சண்டை போடவேண்டுமானால் போடு, இன்னும் நாள் இருக்கிறது. குழந்தை உன்னைத் தேடி அழுவாள். அழவிடுவேன். பிறகு மறப்பாள். மறக்கட்டும். நீ திரும்பி வருகிற அன்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்து, "யாரு தாத்தா இது?" என்று கேட்பாள். நான் சொல்லமாட்டேன். உனக்கு அழுகை வரும், என்மேல் ஆத்திரம் வரும். போய்விடாதே. பெட்டியை இறக்கிவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார். யார் என்று நீயே சொல். அவள் நம்பாவிட்டால் மறுநாளும் சொல்.

உன் அப்பா